படிவத்தில் நாற்பத்தைந்து நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கழிவறைக்குப் போய் வந்து, அளவுக் குவளையில் அரை லிட்டர் தண்ணீர் பிடித்து நின்றபடியே குடித்தேன். ஐந்து ஐம்பது. ஆறு முப்பத்தைந்து வரை போகக் கூடாது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஒட்டகத்துக்குப் போட்டியா?"

பதினேழு வருடமாக இதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "யூரின் போயிட்டு வாங்க, அரை லிட்டர் குடிங்க, முக்கால் மணி நேரம் உக்காருங்க, நானே கூப்பிடறேன்." நேற்று தையல் ஆலை அக்கா கேட்டார்: "மேடம், நீங்க ஒரு நாளாவது குடிச்சுப் பாத்திருக்கீங்களா?" சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

குடித்துப் பார்த்துவிட்டேன். முக்கால் மணி நேரம் பெரிய கஷ்டமாக இல்லை. அப்படியென்றால் அக்காவுக்கு மட்டும் ஏன் சிறுநீர்ப்பை நிரம்பவே மாட்டேன் என்கிறது?

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். இருபத்தைந்து நாள் வெளியிலிருந்து கதிர், பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர். வெளிக்கதிர் கொடுக்கும் மெஷினில் படுக்க வைத்து, உடம்பைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று பொத்தானை அழுத்துவது என் வேலை. அழுத்துவதற்கு முன் மெஷினிலேயே ஒரு படம் எடுப்போம். இன்றைய உடம்பும் கதிர் தொடங்குமுன் திட்டம் போட எடுத்த பிளானிங் ஸ்கேனில் பார்த்த உடம்பும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கத்தான்.

கர்ப்பப்பை ஆணியடித்து மாட்டிய பொருள் இல்லையே. சிறுநீர்ப்பையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பை நிரம்பினால் அது மேலே எழும்பும், வற்றினால் முன்பக்கம் சரியும். கதிரோ பிளானிங் அன்று குறித்த இடத்துக்குத்தான் போகும். பை அன்றைக்குப் போல நிரம்பியிருந்தால் குடலும் மேலே ஒதுங்கிக்கொள்ளும், பையின் பெரும்பகுதியும் தப்பும். வற்றியிருந்தால் கர்ப்பப்பையின் மேல்பக்கம் எல்லையை விட்டு நழுவலாம். பட வேண்டிய இடத்தில் டோஸ் குறையும், பட வேண்டாத குடல் அதை வாங்கிக்கொள்ளும்.

பிளானிங் அன்று அக்காவின் பையில் நானூற்று எழுபது மில்லி. இன்று, ஏழாம் நாள், நூற்றுத் தொண்ணூறு. இரண்டு முறை மெஷினிலிருந்து இறக்கி, மறுபடி குடிக்க வைத்து, ஏற்றி, முந்நூறு தாண்டிய பிறகு ஒருவழியாகக் கொடுத்தோம். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

மார்ச் 5, புதன்

இருநூற்றுப் பத்து. இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றி. நாங்கள் கதிர் கொடுக்கிறோமா, ஏணி விளையாடுகிறோமா?

மார்ச் 6, வியாழன்

என்னோடு மெஷினில் இருப்பவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது. இன்று அக்காவின் படம் திரையில் வந்ததும், "வானிலை அறிக்கை: இன்றும் வறண்ட வானிலையே நிலவும்" என்றான். சிரித்துவிட்டேன். பிறகு அக்காவை இறக்கப் போனபோது அந்தச் சிரிப்பு முகத்தில் மிச்சம் இருந்திருக்குமோ என்று பயமாக இருந்தது.

அக்கா இன்று வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்திருக்கிறார். பேருந்தில் இன்னொரு பாட்டில். பேருந்து தாமதம். இறங்கி வாசல் வருவதற்குள் அடக்க முடியவில்லை. மாற்று உடை கையோடு கொண்டுவந்திருந்தார், அதாவது இப்படி ஆகலாம் என்று தெரிந்தே கிளம்பியிருக்கிறார். கழிவறையில் மாற்றிக்கொண்டு, ஈரத் துணியை ஒரு கவரில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பை காலி. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் என்ன சொன்னேன்? எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் சொன்னேன்: "அக்கா, உங்க உடம்புக்காகத்தான் சொல்றோம். கொஞ்சம் அக்கறையா இருங்க."

அவர் கவரை முதுகுக்குப் பின்னால் மாற்றிப் பிடித்துக்கொண்டார். "எங்க லைன்ல எட்டு மணி நேரத்துக்கு ரெண்டே தடவைதான் மேடம் பெல் அடிப்பாங்க. அதுக்கும் எந்திரிக்காம தைச்சவ நான். என் பேரே அங்க டேங்க். புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட சூப்பர்வைசர் என்னைக் காட்டிச் சொல்வாரு, பாரு, டேங்க்கைப் பாருன்னு. அந்த டேங்க் எங்க போச்சுன்னு எனக்கே தெரியல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மார்ச் 8, சனி

விடுமுறை. துணி காயப் போட்டுக்கொண்டே எண்களை நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பத்து, இருநூற்று ஐந்து, நூற்று எண்பத்தைந்து, இருநூறு. பேருந்தில் நனைந்த அந்த ஒரு நாளை விட்டுவிட்டால், முதல் முறை ஏற்றும்போது எப்போதும் இதே அளவுதான்.

அக்கறையில்லாதவர் என்றால் ஒரு நாள் நூறு, ஒரு நாள் நானூறு என்று தாவ வேண்டாமா? இவர் கடிகாரம் மாதிரி வருகிறார். கதிர் பட்டுப் பட்டு எரிச்சலில் பை சுருங்கும், பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இவருக்கு முதல் நாளே இருநூறு.

எல்லா நாளும் ஒரே மாதிரி, ஒரே ஒரு நாள் மட்டும் நானூற்று எழுபது. அப்படியென்றால் தப்பான நாள் எது?

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாப்பிடும்போது அவரிடம் மேலோட்டமாகச் சொன்னேன். "என் வேலைல தப்பு பண்ணா லிஃப்ட் நின்னுடும்," என்றார். "உள்ள இருக்கறவன் கத்துவான், எனக்குத் தெரிஞ்சிடும். உன் மெஷின் தப்பா இருந்தாலும் ஓடிட்டேதானே இருக்கும்?"

அதற்குப் பிறகு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மகள் கேட்டாள், "அம்மா, உனக்கு மட்டும் திங்கட்கிழமை இன்னைக்கே வந்துடுச்சா?"

மார்ச் 10, திங்கள்

மற்றவர்கள் வருமுன் போய் அக்காவின் பிளானிங் படிவத்தை எடுத்தேன். பிப்ரவரி 13. தண்ணீர் குடித்த நேரம் 10.40. காத்திருப்பு 45 நிமிடம். என் கையெழுத்து. நான்கில் குறுக்குக் கோட்டை நீட்டி இழுப்பேன், அது நானேதான்.

ஸ்கேன் படத்தைத் திறந்தேன். மூலையில் மெஷின் தானே பதிந்த நேரம்: 12.31.

ஒரு மணி ஐம்பத்தொரு நிமிடம்.

நினைவு வந்துவிட்டது. அன்று வார்டிலிருந்து அவசரமாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள், முதுகெலும்பில் கட்டி அழுத்திக் கால் மரத்துப் போனவர். ஸ்கேன் அறை அவருக்குப் போனது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். அக்கா மின்விசிறிக்கடியில் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் கதவைத் தட்டிக் கத்தியிருப்பார்கள். இவர் டேங்க். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்து நான், "அருமையா நிரம்பியிருக்கு அக்கா" என்று பாராட்டியதுகூட நினைவிருக்கிறது.

அந்த 45 எப்படி வந்தது? தினமும் காலையில் அன்றைய படிவம் அத்தனையிலும் வரிசையாக 45, 45, 45 என்று எழுதி வைத்துவிடுவேன். வேலை மிச்சம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். எழுதிய பிறகுதான் ஆள் வருவார், குடிப்பார், காத்திருப்பார். காத்திருக்காத நேரத்தை முன்கூட்டியே எழுதி வைக்கிற ஊழியம்!

அந்த ஒரு நாளின் பையை வைத்துத்தான் இருபத்தைந்து நாளுக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அக்கா அந்த நாளைத் துரத்திக்கொண்டு தினமும் பேருந்தில் வருகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லவில்லை. பெரிய டாக்டர் விடுப்பில் இருக்கிறார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். டோஸ் கணக்கெல்லாம் போடும் இயற்பியலாளர் இருந்தார். கணக்கு என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நான்காவது மாடியில்தான் இருந்தார். லிஃப்ட்டும் வேலை செய்தது.

இன்று பன்னிரண்டாம் நாள். இருநூறு. எல்லாம் தெரிந்தும் என் வாய், "இன்னும் கொஞ்சம் அக்கா" என்றது. அவர் இறங்கிப் போய் உட்கார்ந்தார். நான் எப்படிப்பட்ட பொம்பள?

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

முதலில் கணக்கிடம். படிவத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்களா வந்து சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்."

"நானும் அந்த மூலையைப் பாத்திருக்கணும். நானூத்தி எழுபதுன்னு வந்தப்பவே யோசிச்சிருக்கணும். நல்லா நிரம்பியிருக்குன்னு சந்தோஷமா பிளான் போட்டேன்."

அவர் பழியில் பங்கு கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் பிடிக்கவும் இல்லை.

இருவருமாகப் பெரிய டாக்டரிடம் போனோம். அந்த அம்மா அதிகம் பேச மாட்டார். "எத்தனை நாள் ஆச்சு?" என்றார். பன்னிரண்டு என்றேன். பன்னிரண்டு நாள் படங்களையும் வரிசையாகத் திறக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போயிற்று. கட்டி இருக்கும் வாய்ப்பகுதி அதிகம் நகரவில்லை, எல்லா நாளும் எல்லைக்குள்தான். கர்ப்பப்பையின் மேல்முனை மூன்று நாள் விளிம்பைத் தாண்டியிருக்கிறது. அங்கே டோஸ் கொஞ்சம் குறைந்திருக்கும். குடல் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருக்கும்.

"உள்கதிர் கொடுக்கும்போது இதைக் கணக்குல எடுத்துக்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா இன்னும் பதிமூணு நாள் இப்படியே போயிருந்தா இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க முடியாது. நாளைக்கே புது ஸ்கேன். திங்கட்கிழமை புது பிளான். அது வரைக்கும் ஒவ்வொரு நாளும் படத்தை என்கிட்ட காட்டிட்டுக் கொடுங்க."

"அந்த அக்காகிட்ட என்ன சொல்றது டாக்டர்?"

"உடம்பு கொஞ்சம் மாறியிருக்கு, அதுக்கேத்த மாதிரி மாத்தறோம்னு சொல்லுங்க. நடுவுல பயமுறுத்த வேண்டாம்."

"சரி டாக்டர்," என்றேன். வாயிலிருந்து உடனே வந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

புது ஸ்கேன். உடம்பு கொஞ்சம் மாறியிருக்கிறது என்றே அக்காவிடம் சொன்னேன். அவர் கழிவறை போய் வந்ததையும் அரை லிட்டர் குடித்ததையும் கண்ணால் பார்த்தேன். பிறகு கடிகாரத்தோடு அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு வேற வேலை இல்லையா மேடம்?"

"இதுதான் அக்கா என் வேலை."

"ஆளுக்கு ஒரு காவல் போட்டா ஆஸ்பத்திரி தாங்குமா? எங்க சூப்பர்வைசர்கூட இப்படிப் பக்கத்துல உக்காந்ததில்ல." ஆலைக் கதைகள் சொன்னார். காலர் தைப்பதுதான் கடினமாம், சட்டைக்கு முகம் அதுதானாம். ஒரு நாளைக்கு நானூறு காலர். திரும்பிப் போனால் அதே லைனில் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் அவர் கவலை. இருபதாம் நிமிடத்தில் குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒரு பாட்டில் குடிச்சிடறேனே? கம்மியா இருந்தா ஸ்கேன் தப்பாயிடாதா?" என்று கேட்டார்.

"வேணாம் அக்கா. உங்களுக்கு வழக்கமா எவ்வளவு வருமோ, அதுதான் சரியான அளவு."

"இவ்வளவு நாள் அப்படிச் சொல்லலையே."

சொல்லத்தான் இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தேன்.

நாற்பத்தைந்தாவது நிமிடம் உள்ளே அழைத்துப் போனேன். இருநூற்று ஐந்து மில்லி.

மார்ச் 17, திங்கள்

புதுத் திட்டத்தின் முதல் நாள். ஏற்றியதும் படம் எடுத்தோம். பை, கர்ப்பப்பை, குடல் எல்லாம் கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தன. ரேடியோ திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "மிதமான மழை, பயிருக்கு நல்லது" என்றான்.

மொத்தம் பத்து நிமிடம். அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. "அவ்வளவுதானா? இறங்கலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால உங்களுக்கு எவ்வளவு தொல்லை. எனக்காக ரூலையே லேசாக்கிட்டீங்க. மனசுல வச்சுக்காதீங்க மேடம், மன்னிச்சுக்கங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம்.

போர்வையை மடித்தேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

துறைக் கூட்டம். இனி காத்திருப்பு நேரத்தை ஆளை உள்ளே கூப்பிடும்போதுதான் எழுத வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வருபவர்களுக்கு இனி பை காலியாக ஒரு ஸ்கேன், நிரம்பி ஒரு ஸ்கேன். எவ்வளவு தூரம் நகர்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு இடம் விட்டுத் திட்டம் போடுவார்கள். கணக்கு இதைச் சொல்லும்போது "ஒரு கேஸ்ல கவனிச்சோம்" என்று மட்டும் சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை. நல்ல மனிதர்.

எல்லோரும் குனிந்து தங்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் படிவத்திலும் அதே 45 இருக்கிறது.

நல்லது நடந்திருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், யாரிடமோ வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் வருவது போலவே இருந்தது.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரரிடம் முழுவதையும் சொன்னேன். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். டாக்டர் வேண்டாம் என்றதைச் சொன்னேன். "ம்" என்றார். முப்பது மாடி ஏறி இறங்கியது அந்த "ம்".

மார்ச் 25, செவ்வாய்

கூடத்தில் ஒரு புதுப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், அதே நோய், நாளை ஸ்கேன். பயத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் விளக்கப் போவதற்குள் அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கதவு ஓரத்தில் நின்று கேட்டேன்.

"இங்க பாரு தங்கச்சி, இவங்க சொல்ற மாதிரியே செய். நான் பண்ண தப்பைப் பண்ணிடாத. நான் ஒழுங்கா தண்ணி குடிக்காம, அடக்கவும் தெரியாம, பாதி நாள் வீணாக்கிட்டேன். பாவம், அந்த மேடத்துக்கு எவ்வளவு அலைச்சல் தெரியுமா? ஒரு நாள் பொறுக்க முடியாம அவங்களே சொல்லிட்டாங்க, அக்கறையா இருன்னு. அதுக்கப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு."

"உங்களுக்கு இப்ப சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"என்னவோ சரி பண்ணிக் கொடுத்திருக்காங்க. முன்னாடி கெடுத்ததுக்கு என்ன ஆகுமோ, அது என் தலையெழுத்து. நான் பண்ணது."

நான் பண்ணது.

உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரேடியோ ஏதோ கேட்டான், என்ன கேட்டான் என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

நாளை அக்காவுக்கு இருபத்தைந்தாம் நாள். அதோடு என் மெஷினிலிருந்து போய்விடுவார். அடுத்த வாரம் உள்கதிர், அது வேறு அறை, வேறு ஆட்கள்.

டாக்டர் பயமுறுத்த வேண்டாம் என்றார். டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் அக்கா ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருக்கிறார். நோய் திரும்பி வந்தால், வராது, வரக் கூடாது, ஆனால் வந்தால், தன்னால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டே காலர் தைப்பார். வராவிட்டாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் குற்றவாளியாகத்தான் வந்து உட்காருவார். அவர் மறைத்துப் பிடித்த அந்த ஈரத் துணிக்கும் நான்தான் காரணம்.

சொன்னால் என்ன ஆகும்? கோபப்படலாம். புகார் எழுதலாம். எழுதட்டும், எந்த அறையில் கொடுக்க வேண்டும் என்று நானே காட்டுவேன். பதினேழு வருடப் பெயர் கொஞ்சம் அடிபடும். இல்லாவிட்டால் அவர் சிரித்துவிட்டு, பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிடலாம். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

டாக்டரிடம் முன்கூட்டிக் கேட்டால் வேண்டாம் என்பார். அக்காவிடம் சொன்ன பிறகு போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் கிளம்புமுன் நாளைய பட்டியலில் அக்காவின் நேரத்தைப் பதினொன்றிலிருந்து எடுத்துக் கடைசியில், நாலரைக்குப் போட்டு, அவருக்குப் போனிலும் சொல்லிவிட்டேன். ரேடியோ பார்த்துவிட்டான். "அந்தம்மாவுக்கு எப்பவும் காலைலதானே? ஏன் மாத்தறீங்க?"

"சும்மாதான்," என்றேன்.

நாலரைக்குக் கூடம் காலியாகிவிடும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.